கிராஃபிக் நாவலைப் பெரியவர்களுக்கான சூப்பர்ஹீரோ படமாக்குவது எப்படி? 'வாட்ச்மென்' வழியே ஒரு முழு வழிகாட்டி

'வாட்ச்மென்' காமிக்ஸ் புத்தகத்தின் 12-ஆம் அத்தியாயத்தைத் திறந்தால் முதல் ஆறு பக்கங்களில் கட்டங்களே கிடையாது. அதுவரை பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்று கோடு பிசகாமல் வரைந்துகொண்டு வந்த டேவ் கிப்பன்ஸ், அங்கே மட்டும் பக்கத்துக்கு ஒரே படமாக நியூயார்க்கின் பிணங்களை வரைந்திருக்கிறார். பேச்சு பலூன் ஒன்றுகூட இல்லை. பக்கத்தைத் திருப்பினால் இன்னும் பிணங்கள். மறுபடி திருப்பினால் இன்னும்.

2009-ல் ஜாக் ஸ்னைடர் எடுத்த படத்தில் அந்த இடம் வரும்போது திரையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, இடிந்த கட்டடங்கள் இருக்கின்றன. பிணங்கள் இல்லை. ஆனால் அதே படத்தில், புத்தகம் சில கட்டங்களில் கடந்துபோகும் ஒரு சந்துச் சண்டையில், ஒருவனின் கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது.

கட்டத்துக்குக் கட்டம் புத்தகத்தை ஒட்டியே எடுத்தார்கள் என்று பெயர் வாங்கிய படம் இது. பல ஷாட்கள் அப்படியே அச்சு அசல்தான். அப்புறம் ஏன் படம் முடிந்ததும் வேறு எதையோ பார்த்த மாதிரி இருக்கிறது? கிராஃபிக் நாவலைப் படமாக்க நினைக்கும் எவரும் முதலில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி இது. படத்தை நான் வெறுப்பவன் இல்லை. நாலைந்து முறை பார்த்திருக்கிறேன், ஒரு முறை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு. அங்கே கற்றதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆலன் மூர் எழுத, கிப்பன்ஸ் வரைய, ஜான் ஹிக்கின்ஸ் வண்ணம் தீட்ட, டிசி காமிக்ஸ் 1986-87-ல் 12 இதழ்களாக வெளியிட்டது. கதையில் 1985-ஆம் வருடம், நிக்சன் இன்னும் அமெரிக்க அதிபர், வியட்நாம் போரில் அமெரிக்கா ஜெயித்துவிட்டது, அணு ஆயுதப் போர் வாசலில் நிற்கிறது. முகமூடி போட்டுக் குற்றவாளிகளை அடித்தவர்கள் சட்டத்தால் தடை செய்யப்பட்டு வயதாகி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன், காமெடியன், மாடியிலிருந்து வீசப்பட்டுச் சாகிறான். யார் செய்தது என்று ரோர்ஷாக் என்ற இன்னொருவன் தேடக் கிளம்புகிறான். இனிமேல் கதையின் முடிவையும் சொல்லப்போகிறேன். படிக்காதவர்கள் படித்துவிட்டு வரலாம்.

படி 1: மூன்று முறை படியுங்கள்

முதல் முறை சும்மா, வாசகனாக. எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், எந்த இடத்தில் பழைய பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தீர்கள் என்பதை மட்டும் ஓரத்தில் பென்சிலால் புள்ளி வையுங்கள். வேறு எந்தக் குறிப்பும் வேண்டாம்.

இரண்டாம் முறை கட்டங்களை எண்ணிக்கொண்டு. பக்கத்துக்கு எத்தனை, எங்கே அகலமாகிறது, எங்கே சுருங்குகிறது. 'வாட்ச்மென்'னில் ஒன்பது கட்டம் என்பது தாளம் மாதிரி. கடிகார முள் போல ஒரே சீராக ஓடும். அந்தச் சீர் 11 அத்தியாயங்கள் ஓடியதால்தான் 12-ஆம் அத்தியாயத்தில் கட்டம் உடைந்து முழுப் பக்கமானது நெஞ்சில் விழுகிறது. 5-ஆம் அத்தியாயத்தில் இன்னொரு வேலை நடக்கிறது. அத்தியாயத்தை நடுவில் மடித்தால் முதல் பக்கத்தின் கட்ட அமைப்பும் கடைசிப் பக்கத்தின் கட்ட அமைப்பும் கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றாக இருக்கும். இரண்டாவதும் கடைசிக்கு முந்தையதும் அப்படியே. திரையில் இதற்கு வழியே இல்லை. பார்ப்பவர் கையில் புரட்டப் பக்கம் இல்லையே.

மூன்றாம் முறை, பலூன்களைப் படிக்காமல் படங்களை மட்டும். வசனம் இல்லாமல் எவ்வளவு கதை நகர்கிறது என்பது அப்போதுதான் தெரியும். மூரின் ஸ்கிரிப்ட் இந்த விஷயத்தில் பேர் போனது. முதல் இதழுக்கு மட்டும் இடைவெளி விடாமல் டைப் செய்த 101 பக்கம் அனுப்பினார். ஒரு கட்டத்துக்குள் மேசை மேல் என்ன கிடக்கிறது, ஜன்னலுக்கு வெளியே எந்தப் போஸ்டர் தெரிகிறது என்பதுவரை அதில் இருக்கும். ஆக, பின்னணியில் கிடக்கும் செய்தித்தாள்கூடக் கதைதான்.

இந்த மூன்று வாசிப்பும் முடிந்தபின் பென்சில் புள்ளிகளுக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில், இங்கே பக்கம் எனக்கு என்ன செய்தது என்று ஒரு வரி எழுதுங்கள். 'பயந்தேன்', 'சிரித்துவிட்டு வெட்கப்பட்டேன்', 'இவனை நல்லவன் என்று நினைத்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது', இப்படி. படத்தில் வர வேண்டியது இந்தப் பட்டியல்தான். ஓவியங்கள் அதை அடைய கிப்பன்ஸ் பிடித்த வழி. உங்கள் வழி வேறாக இருக்கலாம்.

படி 2: உரிமை

சலிப்பூட்டும் வேலை; ஆனால் இதில் கோட்டை விட்டவர்கள் கதை சுவாரஸ்யமானது.

தொடர் வெளிவரத் தொடங்கிய 1986-லேயே தயாரிப்பாளர் லாரன்ஸ் கார்டனுக்காக ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் படமாக்கும் உரிமையை வாங்கிவிட்டது. படம் நகரவில்லை. கார்டன் அதைத் தூக்கிக்கொண்டு இருபது வருடம் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கினார். கடைசியில் வார்னர் பிரதர்ஸ் எடுத்தது. 2007 செப்டம்பரில் வான்கூவரில் தொடங்கிய படப்பிடிப்பு முடிகிற நேரத்தில், 2008 பிப்ரவரியில், ஃபாக்ஸ் வழக்குப் போட்டது: கார்டன் எங்களிடமிருந்து உரிமையை முழுதாக மீட்கவே இல்லை என்று. அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நீதிபதி ஃபாக்ஸ் பக்கம் நியாயம் இருக்கிறது என்றார். படம் மார்ச் 6-ல் வெளியாக வேண்டும்; சுமார் 13 கோடி டாலர் செலவாகிவிட்டது. ஜனவரியில் ரொக்கமும் வசூலில் பங்கும் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார்கள். அது முழுக்க 1990-களில் போட்ட சில பக்க ஒப்பந்தங்களை யாரும் கடைசிவரை உட்கார்ந்து படிக்காததால் வந்த வினை.

இன்னொரு பக்கம் மூரின் கோபம். புத்தகம் அச்சில் இல்லாமல் போய்க் குறிப்பிட்ட காலம் ஆனால் உரிமை படைப்பாளிகளுக்குத் திரும்பும் என்பது ஒப்பந்தம். அந்தக் காலத்தில் காமிக்ஸ் எதுவும் அவ்வளவு நாள் அச்சில் நின்றதில்லை. இது நின்றது. நிற்கிறது. எனவே உரிமை திரும்பவே இல்லை. தன் கதைகளை வைத்து எடுத்த மற்ற படங்களின் அனுபவமும் சேர்ந்து, இந்தப் படத்தில் தன் பெயரே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, தனக்கு வர வேண்டிய பணத்தையும் கிப்பன்ஸுக்கே விட்டுவிட்டார். கிப்பன்ஸ் படக்குழுவோடு இணக்கமாக ஆலோசனை சொன்னார். டைட்டிலில் அவர் பெயர் மட்டும் வருகிறது. எழுதியவர் ஒரு பக்கமும் வரைந்தவர் ஒரு பக்கமும் நிற்கும் நிலை உங்களுக்கும் வரலாம். கையெழுத்து யார் யாரிடம் வேண்டும் என்பதை முதல் நாளே கேளுங்கள்.

இந்தியாவில் நண்பர் ஒருவரின் காமிக்ஸை எடுக்கிறீர்கள் என்றால் 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவைப் படித்துவிடுங்கள். எத்தனை வருடம் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வேறு விதமாக எழுதியிராவிட்டால், ஒரு வருடத்துக்குள் உரிமையைப் பயன்படுத்தாதபோது அது காலாவதியும் ஆகிவிடும். 57-ஆம் பிரிவு தனி: உரிமையை விற்ற பிறகும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைத் திரித்தால் படைப்பாளி கோர்ட்டுக்குப் போகலாம்.

படி 3: எதை மாற்றக்கூடாது என்று முடிவு செய்யுங்கள்

ஸ்னைடருக்கு முன்னால் இதை எடுக்க முயன்றவர்கள் வரிசை பெரிது. 1980-களின் கடைசியில் சாம் ஹாம் ஒரு திரைக்கதை எழுதினார். டெர்ரி கில்லியம் இயக்குவதாக இருந்தது. எப்படி எடுக்கலாம் என்று மூரிடமே கேட்டார். நானாக இருந்தால் எடுக்கவே மாட்டேன் என்ற பொருளில் பதில் வந்தது. கில்லியமும் இதை ஐந்து மணி நேரத் தொடராகத்தான் எடுக்க முடியும் என்று விலகிவிட்டார். பிறகு டேவிட் ஹேய்டர் எழுதினார், கதையை நிகழ்காலத்துக்குக் கொண்டுவந்து. டாரன் அரனோஃப்ஸ்கி பெயர் அடிபட்டது. பால் கிரீன்கிராஸ் லண்டனில் முன்வேலைகளைத் தொடங்கி, அதுவும் நின்றது.

ஹாமின் திரைக்கதையின் முடிவு எனக்கு இன்றும் ஆச்சரியம். வில்லன் காலத்தில் பின்னோக்கிப் போய், கதையில் அமானுஷ்ய சக்தி உள்ள ஒரே ஆளான டாக்டர் மன்ஹாட்டன் உருவாகாமலே தடுக்கப் பார்க்கிறான். எழுத்துத் திறமைக்குக் குறையில்லை. ஆனால் அது வேறு கதை. புத்தகத்தில், நல்ல நோக்கத்தோடு கோடிக்கணக்கானவர்களைக் காப்பாற்ற ஒருவன் லட்சக்கணக்கானவர்களைக் கொல்கிறான். அதைத் தடுக்க வந்தவர்கள் வாய் மூடிக்கொள்கிறார்கள். இந்த அசிங்கமான சம்மதம்தான் புத்தகத்தின் முதுகெலும்பு. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது முகமூடிகள்.

இந்த இடத்தில் ஸ்னைடருக்கு முழு மதிப்பெண். காலத்தை 1985-லேயே வைத்தார். நிக்சனை வைத்தார். வில்லன் தன் திட்டத்தை விளக்கிவிட்டு, முப்பத்தைந்து நிமிடத்துக்கு முன்பே முடித்துவிட்டேன் என்று சொல்லும் இடத்தை அப்படியே வைத்தார். ஸ்டுடியோ இதில் எதை வேண்டுமானாலும் மாற்றச் சொல்லியிருக்க முடியும்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு தாளில் மூன்று வரி. இதை மாற்றினால் நான் இந்தப் படத்தை எடுக்கமாட்டேன் என்ற அளவுக்கு மூன்றே மூன்று. ஐந்தாறு எழுதத் தோன்றும், கூடாது. ஐந்தாறு இருந்தால் பேரத்தில் எல்லாமே போகும். மீதி அனைத்தும் மாற்றத்துக்குரியவை என்று அப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

படி 4: படமா, தொடரா

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். புத்தகத்தில் காமிக்ஸ் பக்கம் மட்டுமே 300-க்கு மேல். பெரும்பாலானவற்றில் ஒன்பது கட்டம். முதல் 11 அத்தியாயங்களின் முடிவிலும் பத்திரிகைக் கட்டுரை, சுயசரிதைப் பகுதி, மருத்துவக் குறிப்பு என்று உரைநடை வேறு. இரண்டே முக்கால் மணி நேரத்தில் இது அடங்காது என்பதற்கு ஜோசியம் தேவையில்லை. தியேட்டருக்கு வந்தது 162 நிமிடம். பிறகு இயக்குநரின் பதிப்பு 186 நிமிடம். அதன்மேல், கதைக்குள் வரும் கடற்கொள்ளையர் காமிக்ஸை அனிமேஷனாகச் செருகி 215 நிமிடத்தில் ஒன்று. மூன்று பதிப்பு வந்ததே, எங்கே வெட்டுவது என்பது கடைசிவரை தீராத கேள்வியாக இருந்ததற்குச் சாட்சி.

2019-ல் எச்பிஓ ஒன்பது பகுதித் தொடர் எடுத்தபோது டேமன் லிண்டலாஃப் புத்தகத்தைத் திரும்ப எடுக்கவே இல்லை. புத்தகத்தில் நடந்ததெல்லாம் நடந்து முடிந்து முப்பது வருடம் கழித்து என்ன ஆகியிருக்கும் என்று போனார். 1921-ல் டல்சா நகரில் கறுப்பின மக்கள்மேல் நடந்த படுகொலையில் கதையைத் தொடங்கினார். அதுவும் ஒரு வழி.

'லோகன்' (2017) மூன்றாவது வழி. வயதான வோல்வரின், நாட்டைக் குறுக்கே கடக்கும் பயணம், இவ்வளவைத்தான் காமிக்ஸிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மற்றதெல்லாம் புதிது. அதற்கு ஆஸ்கரில் தழுவல் திரைக்கதைக்கான பரிந்துரையும் கிடைத்தது. அச்சு அசலாக எடுத்த எந்த சூப்பர்ஹீரோ படத்துக்கும் அதற்குமுன் அது கிடைத்ததில்லை.

படி 5: கத்தரி

உண்மையான கத்தரிக்கோலைச் சொல்கிறேன். புத்தகத்தை ஜெராக்ஸ் எடுங்கள், ஒரு பக்கம் மட்டும் அச்சாகும்படி. முன்னும் பின்னும் எடுத்தால் ஒன்றை வெட்டும்போது இன்னொன்று போய்விடும், அனுபவம். காட்சி காட்சியாக வெட்டித் தரையில் பரப்புங்கள். மூன்று குவியல்: இது இல்லாமல் கதை புரியாது; இது இல்லாமல் கதை புரியும், ஆனால் வலிக்காது; இது இல்லாவிட்டால் புத்தகம் படித்தவர்கள் மட்டும் கோபப்படுவார்கள்.

மூன்றாவது குவியலைத் தயங்காமல் ஓரம் கட்டலாம். ஆபத்து இரண்டாவது குவியலில். எல்லாரும் வெட்டுவது அதைத்தான், ஏனென்றால் கதை நிற்காமல் ஓடும்.

'வாட்ச்மென்'னில் ஒரு தெருமுனைப் பத்திரிகைக் கடை வருகிறது. கடைக்காரர் ஒரு கிழவர்; சதா உலக அரசியல் பேசுவார். பக்கத்தில் ஒரு பையன் காசு கொடுக்காமல் உட்கார்ந்து கடற்கொள்ளையர் காமிக்ஸ் படித்துக்கொண்டிருப்பான். அந்த மூலைக்கு ஒரு டாக்ஸி டிரைவர் வருவாள், ஒரு மனநல டாக்டர் வருவார், துப்பறியும் போலீஸ்காரர்கள் வருவார்கள். முக்கியக் கதைக்கு இவர்களால் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. அத்தியாயம் அத்தியாயமாக இவர்களோடு பழகவிட்டு, கடைசியில் நகரம் அழியும்போது கிழவர் அந்தப் பையனைக் கட்டிக்கொள்வதும் இருவரும் வெள்ளை ஒளியில் கரைவதும் மட்டும் காட்டுகிறது புத்தகம். லட்சக்கணக்கான சாவுக்கு அங்கே முகம் கிடைத்துவிடுகிறது. தியேட்டர் பதிப்பில் இந்த மூலை கிட்டத்தட்ட போய்விட்டது. இருவரும் அணைத்துக்கொள்வது மட்டும் ஒரு கணம் வருகிறது. யார் இவர்கள் என்று படிக்காதவர்களுக்குத் தெரியாது. முடிவு வலிக்காமல் போனதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். எனக்குக் கத்தரி கொடுத்திருந்தால் சிறைச் சண்டையில் நான்கு நிமிடம் எடுத்து இந்தக் கடைக்குக் கொடுத்திருப்பேன்.

வெட்டியதை எப்படி ஈடு செய்வது என்பதற்கும் இதே படத்தில் அருமையான பாடம் உண்டு: டைட்டில் காட்சி. 1940 தொடங்கி நாற்பது வருட முகமூடி வரலாறு. புத்தகத்தில் இது உரைநடைப் பகுதிகளிலும் நினைவுகளிலும் சிதறிக் கிடக்கிறது. படம் அதை பாப் டிலனின் ஒரு பாட்டுக்குள், ஆறு நிமிடத்துக்குள், அசையும் புகைப்படங்களாக அடுக்கிவிட்டது. போர் முடிந்த களிப்பில் நடுத்தெருவில் நர்ஸை முத்தமிடுவது மாலுமி அல்ல, முகமூடிப் பெண். நிலாவில் இறங்கும் விண்வெளி வீரரைப் படமெடுப்பது டாக்டர் மன்ஹாட்டன். கென்னடியைச் சுட்டுவிட்டு வேலிக்குப் பின்னால் திரும்புகிறான் காமெடியன். கடைசியது புத்தகத்தில் ஜாடையாக மட்டுமே உண்டு. இதில் பெரும்பாலானவை எந்தக் கட்டத்தின் நகலும் இல்லை. ஆனால் புத்தகத்தின் ருசி முழுக்க இருக்கிறது. படத்திலேயே சிறந்த பகுதி இதுதான் என்று புத்தகக் காதலர்களே ஒப்புக்கொள்வார்கள்.

பிறகு அந்த ராட்சத ஜந்து. புத்தகத்தில் நியூயார்க்கை அழிப்பது செயற்கையாக உருவாக்கிய, கணவாய் மீன் மாதிரியான ஒரு பிராணி. வேற்றுக்கிரகத் தாக்குதல் என்று உலகம் நம்பிப் போரை நிறுத்துகிறது. இதை நம்ப வைக்க ஒரு தீவு, காணாமல் போன ஓவியர்கள் எழுத்தாளர்கள், செய்தித்தாள் துணுக்குகள் என்று மூர் பல அத்தியாயங்களாகத் தூவி வைத்திருப்பார். படம் ஜந்தைத் தூக்கிவிட்டு, டாக்டர் மன்ஹாட்டனின் சக்தியைத் திருடி உலக நகரங்களை வெடிக்கவைத்து, பழியை அவர்மேல் போட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். நான் இதைத் திரைக்கதை வேலையாக மெச்சுகிறேன்: புதுப் பாத்திரம் வேண்டாம், தீவு வேண்டாம், ஏற்கெனவே இருப்பவரே போதும். ஓட்டையும் உண்டு. மன்ஹாட்டன் அமெரிக்காவின் ஆயுதம். அவர் மாஸ்கோவை அழித்தால் ரஷ்யா அமெரிக்காவோடு கை குலுக்குமா, சண்டைக்கு வருமா? ஒன்றை மாற்றினால் அதைத் தாங்கி நின்ற காரணமும் சேர்ந்து நகரும். அதையும் போய்ப் பார்க்க வேண்டும்.

படி 6: 'பெரியவர்களுக்கான' என்றால் என்ன

இங்கேதான் அதிகம் பேர் வழி தவறுகிறார்கள். காமிக்ஸ் என்றால் சின்னப் பசங்க சமாச்சாரம் என்ற பேச்சு இரும்புக்கை மாயாவி காலத்திலிருந்தே நம் ஊரிலும் உண்டு. அதற்குப் பதில் சொல்லும் வேகத்தில் ரத்தத்தையும் கெட்ட வார்த்தையையும் கூட்டுவதே பெரியவர்களுக்கானது என்று ஆகிவிடுகிறது.

ஒரு காட்சியை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். ரோர்ஷாக் ஏன் இப்படி ஆனான் என்று சிறையில் மனநல டாக்டரிடம் சொல்லும் 6-ஆம் அத்தியாயம். கடத்தப்பட்ட சிறுமியைத் தேடிப் போகிறான். வீட்டின் பின்புறம் இரண்டு நாய்கள் ஓர் எலும்புக்குச் சண்டையிடுகின்றன. அவனுக்குப் புரிந்துவிடுகிறது. புத்தகத்தில் அவன் குற்றவாளியை விலங்கு மாட்டிக் கட்டிவைத்து, கைக்கு எட்டும்படி ஒரு ரம்பத்தை வைத்துவிட்டு, வீட்டுக்குத் தீ வைக்கிறான். தெருவுக்கு எதிர்ப்புறம் போய் நின்று பார்க்கிறான். நெருப்பு மட்டும்தான் தெரியும். யாரும் வெளியே வரவில்லை. அவ்வளவுதான். படத்தில் ரோர்ஷாக் வெட்டுக்கத்தியை எடுத்து அவன் மண்டையில் திரும்பத் திரும்பப் போடுகிறான். தியேட்டரில் முகத்தைத் திருப்பிக்கொள்வோம், பிறகு மறந்துவிடுவோம். தீயை எதிரே நின்று பார்ப்பவனை மறக்க முடியாது, ஏனென்றால் உள்ளே நடப்பதை நாமே கற்பனை செய்தோம்.

அதைவிட முக்கியம், அந்த அத்தியாயத்தின் உண்மையான கதாநாயகன் டாக்டர். கைதியைக் குணப்படுத்திப் பெயர் வாங்கலாம் என்று குஷியாக வந்தவர். ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாக இருண்டு வீட்டுக்குப் போகிறார். மனைவியோடு பேச்சு குறைகிறது. விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் அந்தச் சிறுமிக்கு என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறார், விருந்து கலைந்துவிடுகிறது. கடைசியில் கட்டிலில் உட்கார்ந்து மைக்கறை அட்டையைப் பார்க்கிறார். வெறும் கருப்பு. படத்தில் இந்த வீடே இல்லை. வன்முறையைக் கேட்டவர் வீட்டில் அது என்ன செய்கிறது என்பதுதான் பெரியவர்களுக்கான பகுதி. அதை விட்டுவிட்டு வெட்டுக்கத்தியை வைத்துக்கொண்டார்கள்.

சந்துச் சண்டையும் இப்படித்தான். நடுவயதில், பழைய பழக்கத்தில் இருவர் ரவுடிகளை அடிக்கிறார்கள், மூச்சு வாங்க நிற்கிறார்கள், அடித்ததில் கிடைத்த கிளர்ச்சியை நினைத்துக் கொஞ்சம் கூசுகிறார்கள். படத்தில் எலும்பு முறியும் சத்தத்துக்கு விசில் விழும். விசில் விழுந்தால் அந்தக் கூச்சம் போச்சு.

சான்றிதழும் பணமும் இதோடு சேர்ந்தவை. அமெரிக்காவில் 'ஆர்' என்றால் 17 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையில்லாமல் வர முடியாது. 'வாட்ச்மென்' முதல் வார இறுதியில் அங்கே 5.5 கோடி டாலர் எடுத்தது. அடுத்த வார இறுதியில் மூன்றில் இரண்டு பங்கு சரிந்தது. உலக வசூல் சுமார் 18.5 கோடியில் நின்றது. போட்ட காசுக்கு அது போதாது. 'டெட்பூல்' (2016) சுமார் 5.8 கோடியில் எடுத்து 78 கோடியைத் தாண்டியது, அதே 'ஆர்' சான்றிதழோடு. சான்றிதழைவிட, அந்தச் சான்றிதழுக்கு ஏற்ற பட்ஜெட் போட்டார்களா என்பதே கேள்வி. நம் ஊரில் 'ஏ' வாங்கினால் டிவியில் போட முடியாது. சாட்டிலைட் விலை கேட்பதற்கே மறுபடி வெட்டி 'யு/ஏ' வாங்க வேண்டும். எனவே எழுதும்போதே குறித்துக்கொள்ளுங்கள்: எந்த ரத்தம் போனாலும் கதை நிற்கும், எது போனால் விழும். இரண்டாவது வகைக்காக மட்டும் சண்டை போடுங்கள்.

படி 7: கட்டத்திலிருந்து ஷாட்டுக்கு

நண்பர் ஒருவர் வரைந்த 24 பக்கக் கதையைக் குறும்படமாக எடுத்தபோது நான் செய்த முட்டாள்தனம்: ஒவ்வொரு கட்டத்தையும் அதே கோணத்தில் ஒரு ஷாட்டாக எடுத்தேன். அழகழகாக வந்தது. எடிட் டேபிளில் போட்டதும் ஸ்லைடு ஷோ. காமிக்ஸில் இரண்டு கட்டத்துக்கு நடுவில் ஒரு வெள்ளை இடைவெளி இருக்கிறது. ஒருவன் கை ஓங்குவதற்கும் மற்றவன் கீழே கிடப்பதற்கும் நடுவே நடந்ததை வாசகன் அங்கே நிரப்பிக்கொள்கிறான். நான் இரண்டு கட்டத்தையும் எடுத்தேன், இடைவெளியை எடுக்கவில்லை. ஸ்னைடரின் ஸ்லோ மோஷன் பல இடங்களில் இதன் இன்னொரு வடிவம்தான். ஓவியம் உறைந்து நிற்பதால் அழகு. அதற்காகத் திரையில் காலத்தை உறைய வைத்தால் இடைவெளி நிரம்பி வழிகிறது, பார்ப்பவனுக்கு வேலை இல்லை.

இதற்கு நேர்மாறாக, செவ்வாய்க் கிரகக் காட்சி. டாக்டர் மன்ஹாட்டனுக்கு நேற்றும் நாளையும் ஒன்றாகவே தெரியும். புத்தகத்தின் 4-ஆம் அத்தியாயத்தில் அவர் கையில் ஒரு பழைய புகைப்படம். இன்னும் சில நொடியில் அதை மணலில் போடப்போகிறார். பக்கத்துக் கட்டத்தில் அது ஏற்கெனவே மணலில் கிடக்கிறது. பக்கம் முழுவதும் ஒரே பார்வையில் நம் கண்ணில் படுவதால் நாமே மன்ஹாட்டன் ஆகிவிடுகிறோம். திரையில் ஒரு நேரத்தில் ஒரு ஃப்ரேம்தான். படம் என்ன செய்தது? பில்லி கிரடப்பின் உணர்ச்சியற்ற மென்மையான குரல், அதன் அடியில் பிலிப் கிளாஸின் சுழன்று சுழன்று வரும் இசை. திரும்பத் திரும்ப வரும் ஸ்வரம் காலம் நகராமல் ஒரே இடத்தில் சுற்றும் உணர்வைத் தந்துவிடுகிறது. கண்ணால் ஆனதைக் காதுக்கு மாற்றினார்கள். தழுவல் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான்.

கட்டத்தின் மேல் வரும் நினைவுக்குறிப்பு வாசகங்களை வாய்ஸ் ஓவராகப் போடுவதில் கவனம். ரோர்ஷாக்கின் டைரி படிக்கும்போது பாதிப் பைத்தியத்தின் கிறுக்கல். ஜாக்கி ஏர்ல் ஹேலியின் கரகரத்த குரலில் கேட்கும்போது அது கெத்து ஆகிவிடுகிறது. நடிப்பில் குறையே சொல்ல முடியாது. ஆனால் இவனைக் கொண்டாடாதே என்று புத்தகம் காட்டிய ஆளைக் கொண்டாடிக்கொண்டே தியேட்டரை விட்டு வந்தவர்கள் நிறைய. குரலைப் பதிவு செய்து, படம் இல்லாமல், இவனை உங்கள் வீட்டுக்கு அழைப்பீர்களா என்று நான்கு பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

படி 8: உடல், உடை, வெளிச்சம்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற முகமூடி வீரர்களில் ஒருவரான நைட் அவுலுக்கு லேசாகத் தொப்பை இருக்க வேண்டும். பாட்ரிக் வில்சன் அதற்காக எடை கூட்டினார், பிறகு உடை தைத்தவர்கள் அவருக்குக் கவசம் மாதிரி ஒன்றை மாட்டித் தொப்பையை மறைத்துவிட்டார்கள். ஓவியத்தில் துணி சுருங்கும், தொங்கும். ஓய்வுபெற்றவர் பழைய உடைக்குள் நுழையச் சிரமப்படுவது இந்தக் கதையின் நகைச்சுவை, சோகம் இரண்டும்.

மன்ஹாட்டனை கம்ப்யூட்டரில் உருவாக்கினாலும், படப்பிடிப்பில் கிரடப் உடல் முழுக்க நீல எல்இடி பதித்த வெள்ளை உடையில் நின்றார். சுமார் 2,500 விளக்குகள். எதிரே நின்று பேசும் நடிகையின் கன்னத்தில் அந்த நீலம் நிஜமாகவே விழுந்தது. உங்கள் பட்ஜெட்டில் 2,500 வராது. ஒரு குழல் விளக்கில் நீலக் காகிதம் சுற்றி எதிராளி முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாலும் அதே தத்துவம்தான்.

படி 9: போட்டுக் காட்டுவது

படம் எடுக்கும் முன்னாலேயே ஒரு காட்சியை எடுத்துக் காட்டிவிடுவது நல்லது. ஃபிராங்க் மில்லர் 'சின் சிட்டி'யைத் தர மறுத்துக்கொண்டிருந்தபோது, ராபர்ட் ரோட்ரிகஸ் ஒரு சின்னக் காட்சியைச் சொந்தச் செலவில் எடுத்துக் காட்டினார். மில்லர் சம்மதித்தார்; அந்தக் காட்சியே 2005-ல் வந்த படத்தின் தொடக்கம் ஆனது. மில்லரின் பெயரையும் இயக்குநராகப் போடுவதற்காக ரோட்ரிகஸ் இயக்குநர்கள் சங்கத்திலிருந்தே விலகினார்.

முதல் எடிட் தயாரானதும் இரண்டு நாள் தனித்தனியாகப் போடுங்கள். ஒரு நாள் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு, ஒரு நாள் பெயரே கேள்விப்படாதவர்களுக்கு. இரண்டு கூட்டத்தையும் ஒரே அறையில் உட்கார வைக்காதீர்கள். படித்தவர்கள் இடைவேளையிலேயே மற்றவர்களுக்கு விளக்க ஆரம்பித்துவிடுவார்கள், அந்த அபிப்பிராயம் எதற்கும் உதவாது.

படித்தவர்களிடம், என்ன விட்டுப்போச்சு என்று கேட்டால் விடிய விடியப் பட்டியல் வரும். எந்த இடத்தில் உங்களுக்குப் புத்தகம் ஞாபகமே வரவில்லை என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் இடங்கள்தான் நீங்கள் சரியாக எடுத்தவை. படிக்காதவர்களிடம் பிடித்ததா என்று கேட்க வேண்டாம். மறுநாள் காலையில் போன் செய்து, யாருடைய முகம் ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பத்திரிகைக் கடைக்காரர் பெயர் தெரியாது, ஆனால் அந்தக் கிழவர் என்று ஒருவராவது சொன்னால், எடிட்டரிடம் போய் அவருக்கு இன்னும் ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள்.